எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாத தோள்வலி: நான் சமாளித்த விதம்

தஞ்சாவூரில் எங்கள் வீட்டு முன்னறையில் 26 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். 2022 ஆவணியில், தீபாவளித் துணிகள் வரத் தொடங்கிய நேரம், மேல்தட்டில் இருந்த லைனிங் துணிக்கட்டை எட்டி எடுத்தபோது வலது மேல்கையில் சுரீர் என்று ஒரு வலி. கத்தரி பிடித்த அசதி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். ஒரு மாதத்தில் தூக்கம் போனது. அடுத்த மாதம் பின்னல் போடக் கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்த இடத்தில் “எலும்பு நல்லா இருக்கும்மா, ஒண்ணும் இல்லை” என்றார்கள். இன்னோர் இடத்தில் கழுத்துத் தேய்மானம் என்று சொல்லிக் காலர் பட்டை மாட்டிவிட்டார்கள். வலிக்குச் சரியான பெயர் கிடைத்தது மார்கழியில்தான்.

இடைப்பட்ட நான்கு மாதம், பெயர் தெரியாத வலியோடு சமைத்தேன், தைத்தேன், படுத்தேன். இப்போது அளவு கொடுக்க வருகிறவர்களில் யாராவது ஒருவர், “எனக்கும் இந்தக் கை தூக்க முடியலக்கா, டாக்டர் ஒண்ணுமில்லங்கிறார்” என்று சொல்லாத மாதமே இல்லை. அவர்களிடம் வாயால் சொல்லிவந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இதில் இருப்பது நான் பட்டதும், எனக்கு வைத்தியம் பார்த்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதும்.

காத்திருக்கக் கூடாத வலி

கைவலியோடு நெஞ்சில் பாரம், வியர்த்துக் கொட்டுதல், மூச்சுத் திணறல், தாடையில் வலி, குமட்டல், இவற்றில் எது சேர்ந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். “வாயுப் பிடிப்பா இருக்கும், கசாயம் குடிச்சுப் பாப்போம்” என்று ஒரு மணி நேரத்தைக்கூட விடக் கூடாது. இடது கையில் வந்தால்தான் இதயம் என்று பலர் நினைக்கிறார்கள். வலது கையிலும் வரும், இரண்டிலும் வரும். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வருவது உண்டு. படி ஏறும்போது வந்து, உட்கார்ந்தால் அடங்குகிற கைவலியும் இந்தக் கூட்டம்தான். கையை அசைக்காதபோதே நடையால் வலி கூடுகிறதென்றால் முதலில் இதயத்தைப் பார்த்துவிட வேண்டும்.

சில வலிகளுக்கு ஆம்புலன்ஸ் தேவைப்படாது, ஆனால் தள்ளிப்போடவும் கூடாது. விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை. காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்குகிறது. கையில் பலம் நாளுக்கு நாள் குறைந்து தம்ளர் நழுவுகிறது, கொக்கி போட முடியவில்லை. கை மரப்போடு நடையும் தள்ளாடுகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை. இவை எதுவானாலும் அன்றே போங்கள். காரணமில்லாமல் எடை குறைவது, புகைப்பிடிக்கிறவருக்குத் தோளிலிருந்து உள்கை வழியாகச் சுண்டுவிரல்வரை இறங்கும் வலி, அதே பக்கத்துக் கண் இமை தாழ்வது ஆகியவையும் அலட்சியப்படுத்தக் கூடாதவை. நுரையீரலின் உச்சியில் கட்டி வந்தால் முதலில் தோள்தான் வலிக்கக்கூடும்.

வயிற்றுக் கோளாறும் தோளில் வலிக்கும் என்பதை என் நாத்தனாரால் தெரிந்துகொண்டேன். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் அவளுக்கு வலது தோளின் உச்சியில் வலி வரும். தைலம் தேய்த்தே ஒரு வருடம் ஓட்டினாள். கடைசியில் ஸ்கேனில் பித்தப்பைக் கல் என்று தெரிந்தது. வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கிற உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும், தோள் உச்சியின் தோலுக்கு வரும் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றனவாம். அதனால் கீழே உள்ள எரிச்சலைத் தோள்வலி என்று மூளை எடுத்துக்கொள்கிறது.

வலியை அளவு நோட்டில் எழுதினேன்

இவை எதுவும் இல்லை என்று ஆனபிறகும் வலி இருந்தது. அப்போது நான் செய்த உருப்படியான காரியம், அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் வலியைக் குறித்ததுதான். முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு உடம்பு வரைந்துகொண்டேன், ஜாக்கெட் மாதிரி வரைகிற அதே விதத்தில். வலிக்கும் இடத்தைச் சிவப்புப் பேனாவால் தீட்டினேன். மணி என்ன, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், எவ்வளவு நேரம் நீடித்தது, என்ன செய்தால் குறைந்தது, இவ்வளவுதான் எழுதினேன்.

அப்புறம் வலிக்கு வார்த்தை. மருத்துவரிடம் போய் “வலிக்குது” என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். நம் பேச்சில் வலிக்கு எத்தனை சொல் இருக்கிறது! குடைச்சல், கடுப்பு, குத்தல், எரிச்சல், இழுப்பு, சுரீர் என்பது, விண்விண் என்று தெறிப்பது, நமநமப்பு, மரத்துப்போவது. ஒவ்வொன்றும் வேறு வேறு சங்கதி. ஆழத்தில் குடைகிற வலி, ராத்திரியில் கூடுவது, பெரும்பாலும் மூட்டைச் சேர்ந்தது. கரண்ட் அடித்ததுபோல் கழுத்திலிருந்து விரல்வரை ஓடுவதும், எரிச்சலும், நமநமப்பும் நரம்பின் பேச்சு. “ராத்திரி 2 மணிக்குக் குடைச்சல், பகலில் கையைப் பின்னால் கொண்டுபோனால் சுரீர், விரலில் மரப்பு இல்லை” என்று எழுதியதைத்தான் மார்கழியில் எலும்பு மருத்துவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு முதல் தடவையாகக் கழுத்தை விட்டுத் தோளைப் பிடித்துப் பார்த்தார்.

இடமும் முக்கியம். எனக்கு வலித்தது தோளில் இல்லை. தடுப்பூசி போடுவார்களே, மேல்கையின் வெளிப்புறம், அங்கேதான். தோள்மூட்டுக் கோளாறு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தெரியுமாம். கழுத்திலிருந்து வருவது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலும், தோள்பட்டை எலும்பின் ஓரத்திலும் பிடித்து, முழங்கைக்குக் கீழேயும் இறங்கும். கட்டைவிரல் பக்கம் மரத்தால் கழுத்தின் ஒரு நரம்பு, நடுவிரல் என்றால் அதற்கடுத்தது, சுண்டுவிரல் என்றால் அதற்கும் கீழே உள்ளது. கட்டைவிரலிலிருந்து நடுவிரல்வரை ராத்திரியில் மரத்து, கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளம் அது. அந்த வலி மேலே ஏறித் தோள்வரைகூட வரும். தையல் மிஷினில் உட்காருகிற நம் போன்றவர்களுக்கு இது வரக்கூடியதுதான்.

வீட்டிலேயே பார்த்து எழுதிக்கொள்ளக்கூடியவை சில உண்டு. கழுத்தைத் திருப்பினால், அண்ணாந்தால் கைவலி கூடுகிறதா? வலிக்கும் கையை மடக்கித் தலைமேல் வைத்தால் சுகமாக இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் கழுத்தைச் சொல்லுங்கள். நீங்களாகத் தூக்க முடியாத கையை வேறொருவர் மெதுவாகத் தூக்கினால் மேலே போகிறதா? போகிறதென்றால் தூக்குகிற தசைநாரில் பிரச்சினை இருக்கலாம். அவர் தூக்கினாலும் பூட்டுப் போட்டதுபோல் நிற்கிறதென்றால் மூட்டு இறுகுகிறது. எனக்கு இருந்தது இரண்டாவது. முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி, உள்ளங்கைகளைக் கதவு திறப்பதுபோல் வெளியே திருப்பினேன். இடது கை நன்றாகத் திறந்தது. வலது கை நேராகப் பார்த்தபடியே நின்றுவிட்டது.

அதன் பெயர் ஃப்ரோசன் ஷோல்டர், உறைந்த தோள். மூட்டைச் சுற்றியுள்ள உறை வீங்கித் தடித்துச் சுருங்குகிறது. எலும்பில் ஒன்றும் இல்லாததால் எக்ஸ்ரேயில் தெரியாது. பாஸ்டனைச் சேர்ந்த கோட்மேன் என்ற அறுவை மருத்துவர் 1934-இல் இந்தப் பெயரை வைத்தார். ஏன் வருகிறது என்று விளக்குவது கடினம் என்று அவரே எழுதியிருக்கிறாராம். ஜப்பானில் இதை ‘ஐம்பது வயதுத் தோள்’ என்கிறார்கள். எனக்கு அப்போது வயது 51. அந்தச் சொல்லைக் கேட்டபோது மனதுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா! கடல் தாண்டி ஓர் ஊரில், என் வயதுப் பெண்களுக்கு இது வரும் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். என் கற்பனை இல்லை இது.

சர்க்கரையைப் பாருங்கள்

40-இலிருந்து 60-க்குள் வயது, தோள் இறுகுகிறது என்றால், யாரும் சொல்லாவிட்டாலும் இரண்டு ரத்தப் பரிசோதனை கேளுங்கள்: மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி, அப்புறம் தைராய்டு. சர்க்கரையும் தைராய்டும் உள்ளவர்களுக்கு இந்தத் தோள் அதிகமாக வருகிறது. எனக்குச் சர்க்கரை இருப்பதே தோளால்தான் தெரிந்தது. எச்பிஏ1சி 8.4 இருந்தது. இரண்டு தோளும் சேர்ந்து வலித்து, காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் விறைப்பாக இருந்தால், ஐம்பது வயதுக்கு மேல் என்றால், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இஎஸ்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். அது வேறு நோய், அதற்கு மருந்தும் வேறு.

மருத்துவரிடம் போகும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துப் போங்கள். கடையில் நாமே வாங்கி விழுங்குகிற வலி மாத்திரையையும் மறைக்க வேண்டாம். நான் மூன்று வாரம் தினம் இரண்டு போட்டேன், வயிறு புண்ணாகி மோர்கூட எரிந்தது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எத்தனை நாள், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டுத்தான் போட வேண்டும்.

இன்னொரு தவறும் செய்தேன். சுளுக்கு எடுக்கிறவர் ஒருவரிடம் போனேன். எண்ணெய் போட்டுத் தடவியதுவரை இதமாக இருந்தது. திடீரென்று கையைப் பிடித்து மேலே இழுத்தார். மூன்று ராத்திரி உட்கார்ந்தே விடிந்தது. வீக்கமாக இருக்கிற உறையை இழுத்தால் இன்னும் வீங்கும். யாராக இருந்தாலும், “தடவுங்க, ஆனா கையை இழுக்காதீங்க” என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கையை ஒரேயடியாகக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கவிட்டு அசைக்காமல் வைத்திருப்பதும் இறுக்கத்தைக் கூட்டும்.

ராத்திரி

இந்த வலியில் எல்லாவற்றையும்விடக் கொடுமை ராத்திரிதான். பகலில் பத்துப் பேரோடு பேசிக்கொண்டிருக்கையில் தெரியாதது, விளக்கை அணைத்ததும் வந்துவிடும். மல்லாந்து படுத்தால் வலிக்கும் கை பின்னால் சரிந்து மூட்டு இழுபடுகிறது. அதனால் மேல்கைக்கு அடியில், தோளிலிருந்து முழங்கைவரை, பழைய நூல் புடவையை நான்காக மடித்து வையுங்கள். முழங்கை தோளைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். நல்ல பக்கம் ஒருக்களித்துப் படுப்பவர்கள் நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்து, அதன்மேல் வலிக்கும் கையைப் போட்டுக்கொள்ளுங்கள். வலிக்கும் பக்கம் புரண்டுவிடாமல் இருக்க முதுகுக்குப் பின்னால் ஒரு போர்வைச் சுருட்டு வைத்தேன். ரொம்ப முடியாத நாட்களில் சாய்வு நாற்காலியில் கைக்குத் தலையணை கொடுத்துத் தூங்கினேன். அப்படித் தூங்கிய நான்கு மணி நேரம் எனக்குக் கிடைத்த பெரிய மருந்து.

படுக்கப் போவதற்கு முன் வெந்நீர்ப் பை, பத்து நிமிடம், துணி சுற்றி. சர்க்கரையால் தோல் மரத்திருப்பவர்கள் சூட்டை நல்ல கையால் சோதித்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும், சுட்டாலும் தெரியாது.

பகல்

முதலில் உடுத்துவது. ஜாக்கெட், நைட்டி, சட்டை எதுவானாலும் வலிக்கும் கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுங்கள். இந்த ஒன்று தெரியாமல் நான் எத்தனை காலை அழுதிருக்கிறேன். ஜாக்கெட்டில் முன்பக்கக் கொக்கிதான் வேண்டும், பின்கொக்கி வைத்ததைப் பெட்டியில் போட்டுவிடுங்கள். உங்கள் தையல்காரரிடம் கைக்குழியை அரை அங்குலம் இறக்கி, கைச்சுற்றை ஓர் அங்குலம் கூட்டித் தரச் சொல்லுங்கள். தையலுக்குள் விட்டிருக்கிற பிடிப்பைப் பிரித்தாலே பழைய ஜாக்கெட்டுகளுக்கும் அது கிடைக்கும். உள்பாடியை முன்னால் கொக்கி போட்டுப் பிறகு சுற்றித் திருப்பிக்கொள்ளலாம், முன்கொக்கி உள்ளதையும் வாங்கலாம்.

வீட்டில், தினம் எடுக்கிற சாமான் எதுவும் கண்மட்டத்துக்கு மேலே இருக்கக் கூடாது. உப்பு, புளி, காபித்தூள் எல்லாவற்றையும் கீழ்த்தட்டுக்கு இறக்கினேன். கொடியைத் தோள் உயரத்துக்கு இறக்கிக் கட்டினார் வீட்டுக்காரர். கிரைண்டர் கல்லைத் தூக்குவது, தண்ணீர்க்குடம் எடுப்பது, பேருந்தில் மேல்கம்பி பிடித்து நிற்பது, மூன்றையும் நிறுத்துங்கள். பேருந்தில் கேட்டால் இடம் தருகிறார்கள், கையைக் காட்டிக் கேட்கத் தயங்க வேண்டாம். தைக்கும்போது முழங்கை உடம்பை ஒட்டி இருக்கும் உயரத்துக்கு ஸ்டூலை மாற்றினேன். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்றேன். வெட்டுகிற வேலையை மட்டும் மூன்று மாதம் பக்கத்துத் தெருப் பெண்ணிடம் கூலிக்குக் கொடுத்தேன். வருமானம் குறைந்ததில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அதைச் செய்திருக்காவிட்டால் கடையையே மூடியிருப்பேன்.

பயிற்சியைப் பிசியோதெரபி மருத்துவரிடம் ஒருமுறையாவது நேரில் கற்றுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் பணமில்லாமல் சொல்லித் தருகிறார்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வெளியே வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோ பார்ப்பதும் உண்டு. எனக்குச் சொல்லித் தந்தது ஒரு சின்னப் பெண். “அம்மா, வலிக்காமலும் இருக்கக் கூடாது, பல்லைக் கடிக்கவும் கூடாது” என்றாள். பத்துக்கு நான்கு அளவு வலிவரை போகலாம், பயிற்சி முடிந்து அரை மணிக்குள் அது அடங்க வேண்டும், அன்று ராத்திரி குடைச்சல் கூடினால் மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும். அவள் சொன்ன கணக்கு இதுதான்.

நான் செய்தவை சாதாரணமானவை. கட்டிங் டேபிளில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைக் கிணற்றுக் கயிறுபோல் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டிக் கை தானாக ஆடும்படி ஒரு நிமிடம். இது கோட்மேன் பெயராலேயே வழங்குகிற பயிற்சி. அடுத்து, டேபிள்மேல் துணியை வைத்து அதைத் தள்ளிக்கொண்டே முன்னால் சாய்வது, மேசை துடைப்பதுபோல் பத்துத் தடவை. அப்புறம் மல்லாந்து படுத்து, முழங்கைகள் இடுப்போடு ஒட்டியிருக்க, மர ஸ்கேலை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் வலிக்கும் கையை வெளிப்பக்கம் மெல்லத் தள்ளுவது. நாளைக்கு மூன்று வேளை, மொத்தமே பத்து நிமிடம் ஆகாது. துண்டைப் பின்முதுகில் பிடித்து இழுக்கிற பயிற்சியை ராத்திரி வலி அடங்கிய பிறகுதான் தொடங்கினேன். அதற்கு முன் செய்தால் கொதித்துவிடும்.

கடைசியாகச் சுவரில் விரலால் ஏறுவது. இதற்கு ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டேன். இடது கை எட்டுகிற இடத்தில் முதலில் ஒரு கோடு போட்டு இன்ச் டேப்பால் அளந்தேன், தரையிலிருந்து 74 அங்குலம். வலது கை 2023 தையில் 50-இல் நின்றது. வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அளந்தேன். தினம் அளந்தால் மனசு உடைந்துவிடும், ஏனென்றால் தினம் மாறாது. ஆடியில் 61. 2024 ஆடியில் 72. நடுவில் ஏழு வாரம் ஒரு கோடும் ஏறாமல் நின்றிருக்கிறது, பார்த்தால் தெரியும். இந்தத் தோளுக்கு ஒன்றிலிருந்து மூன்று வருடம் ஆகலாம் என்று முன்னாலேயே சொல்லியிருந்ததால் தாங்கினேன்.

2023 மாசியில் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டார்கள். அந்த வாரமே தூக்கம் திரும்பியது, பயிற்சியும் எளிதானது. ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் அளவு ஏறும். எனக்கு 270 வரை போனது. ஊசிக்கு முன்பே சர்க்கரை இருப்பதைச் சொல்லுங்கள், அந்த வாரம் முழுக்கத் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டு இல்லை, வீக்கம் இல்லை, எக்ஸ்ரேயிலும் இல்லை. “கையைப் பார்த்தா நல்லாத்தானே இருக்கு” என்று என் மாமியார் சொன்னபோது கோபத்தைவிடத் தனிமைதான் அதிகம் வந்தது. ஒருநாள் அவரையே என் கையைப் பிடித்து மெதுவாகத் தூக்கச் சொன்னேன். பாதியில் நின்றுவிட்டதைத் தன் கையால் உணர்ந்தபிறகு அவர் வேறெதுவும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து எனக்குத் தலைபின்னிவிட்டது அவர்தான். உங்கள் வீட்டில் நம்பாதவர் இருந்தால் அவரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு தோள் சரியான பிறகு, சிலருக்குச் சில வருடம் கழித்து மற்றத் தோளிலும் வருவதுண்டு. அதனால் தமிழ் மாதம் முதல் தேதியில் கண்ணாடி முன் நின்று, முழங்கைகளை இடுப்போடு ஒட்டி, இரண்டு கையையும் வெளியே திறந்து பார்க்கிறேன். இந்த மாதம் இடது கை எப்போதும்போல் திறந்தது. வலது கை அதைவிட ஒரு விரற்கடை குறைவு.